இறங்கியிருந்த பியானோ

இந்த மாதிரிக் கட்டுரையை வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் ஒரு நரைமயிர்கூட இல்லை. ஆனாலும் பியானோவுக்கும் ஹார்மோனியத்துக்கும் சுருதி கூட்டுகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இதை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வயது போனவர்கள் தங்கள் பயத்தை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளில் கம்பி அறுந்தாலும் பகிடி, மரம் வெடித்தாலும் பகிடி. எனக்கு இன்னும் கை வேர்க்கிறது. வேர்க்கும்போதே எழுதினால்தான் அது உண்மையாக இருக்கும்.

கம்பியை எப்படி முறுக்குவது, ஆணியை எப்படி இருத்துவது எல்லாம் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள். நான் சொல்லப்போவது, இசைக்கவையை அடித்துக் காதில் வைத்த பிறகு வாயைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்ற ஒரு பின்னேரத்தைப் பற்றி.

ஜெயம் மாஸ்டர் ஃபோன் எடுத்தபோது நான் பண்டத்தரிப்பில் ஒரு வீட்டில் ஹார்மோனியத்தின் துருத்தியைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். அவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். உடுவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேவாலயத்தின் பாடகர் குழுவில் கிளாரினெட் ஊதுகிறவர்.

“தம்பி, எங்கடை பியானோவும் என்ரை கிளாரினெட்டும் ஒரு குசினிக்குள்ளை நிக்கிற மாமியும் மருமேளும் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்மஸ் ஒளிவிழா. ஒருக்கால் வந்து சமாதானம் பண்ணிவிடும்.”

பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது: “பியானோவிலை பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. ஊதிறவரிலைதான் பிழை.”

அது றஞ்சி ரீச்சர், அவருடைய மனைவி. குழுவை நடத்துவதும் பியானோ வாசிப்பதும் அவர்தான்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு போனேன். மார்கழி மழை. தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில், சுவரோடு சேர்ந்து நின்றது பியானோ. கப்பலில் வந்த பழைய இங்கிலாந்துப் பெட்டி. முன்பலகையைக் கழற்றினால் குளவி கட்டிய மண்கூடு, எலிப் புழுக்கை, யாரோ எப்போதோ தொலைத்த ஒரு சீப்பு. இரும்புச் சட்டத்தை ரோர்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. கம்பிகளில் துரு இருந்தது, ஆனால் தின்றுபோகவில்லை. நல்ல பெட்டி.

பிறகு இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தேன். வினாடிக்கு அதிர்வு நானூற்று நாற்பது. பியானோவில் அதே ‘ஏ’ ஸ்வரத்தை அழுத்தினேன்.

கிட்டத்தட்ட அரைக்கட்டை கீழே கேட்டது. நம்ப முடியாமல் பையிலிருந்து என்னுடைய இரண்டாவது கவையை எடுத்தேன். அது நானூற்றுப் பதினைந்து. ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் வழிவிலகிப் போகவேண்டும். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. ‘ஏ’ என்ற ஸ்வரத்துக்கு நிலையான உயரம் என்று ஒன்று பிறக்கும்போதே இருந்ததில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஊருக்கொரு சுருதி. ஒரு தேவாலயத்தின் ஓர்கனோடு பொருந்திய புல்லாங்குழல் அடுத்த ஊரில் பொருந்தாது. பிறகு பெரிய வாத்தியக் குழுக்கள் வந்தன. சுருதி ஏறினால் சத்தம் மினுங்கும் என்று கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஏற்ற, மற்றவர் அதற்கு மேலே ஏற்ற, அது ஏறிக்கொண்டே போனது. வாத்தியத்துக்கு வலிக்காது. பாடுகிறவர்களுக்குத் தொண்டை கிழிந்தது. அவர்கள் முறையிட்டுத்தான் பிரான்ஸில் அரசாங்கமே தலையிட்டு நானூற்று முப்பத்தைந்து என்று பூட்டுப் போட்டது. இங்கிலாந்துக்காரர் கேட்கவில்லை. அவர்களுடைய பட்டாளத்து வாத்தியங்கள் நெடுங்காலம் நானூற்று ஐம்பதுக்கும் மேலே நின்றன. இன்றைக்கு நாம் வேதவாக்காக நினைக்கிற நானூற்று நாற்பது, பிறகு ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசி முடிவெடுத்த எண். அதற்குப் பிறகும், பழைய காலத்து வாத்தியங்களை வாசிக்கிறவர்கள் வேண்டுமென்றே நானூற்றுப் பதினைந்துக்கு இறக்கி வைக்கிறார்கள்.

அவர்கள் ஆராய்ந்து வைத்த சுருதிக்கு உடுவில் பியானோ ஆராய்ச்சி ஒன்றும் இல்லாமல், பார்ப்பாரற்றுக் கிடந்தே வந்து சேர்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பக்கூடச் செய்தேன்.

அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே வசந்தி அக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவர் தாதி. ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வெள்ளைச் சீருடையோடு வந்திருந்தார். ஒளிவிழாவில் முதல் பாட்டின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடப்போகிறவர். கழுத்தின் அடியில் ஒரு தழும்பு இருந்தது. அவர் மறைக்கவில்லை.

“தம்பி, பெட்டியைப் பிரிக்க முந்தி ஒருக்கால் பாடிப் பாக்கட்டோ? நாளைக்கும் எனக்கு டியூட்டி.”

“பாடுங்கோ அக்கா.”

றஞ்சி ரீச்சர் எஃப் சுருதியில் தொடங்கினார். வசந்தி அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினார். குரல் பெரிதில்லை. ஆனால் நேராக வந்தது. கடைசி வரியில் பாட்டு ஒரு படி ஏறி மேல் எஃப்பில் நிற்கவேண்டும். அந்த இடம் நெருங்க நெருங்க ரீச்சரின் தோள்கள் உயர்ந்தன. மாஸ்டர் கிளாரினெட்டை மடியில் இறுக்கிப் பிடித்தார்.

குரல் ஏறியது. நின்றது. ரீச்சர் வாசிப்பதை விட்டுவிட்டு எழும்பிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

“எட்டிட்டாய் பிள்ளை!”

வசந்தி அக்கா என் பக்கம் திரும்பினார். அவருக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நான்தான் புதிய ஆள். “தம்பி, தைரோயிட் ஒப்பரேஷனுக்குப் பிறகு எனக்குக் காத்துத்தான் வந்தது. வோட்டிலை நோயாளியைக் கூப்பிட ஏலாது, கைதட்டித்தான் கூப்பிடுவன். மேல் ஸ்வரங்கள் இனித் திரும்பாமலும் போகலாம் எண்டு டொக்டர் சொன்னவர். இஞ்சை வந்து வந்து, உந்தப் பியானோவோடை ஒவ்வொண்டா ஏறி, போன கிழமைதான் உந்த மேல் எஃப்பை எட்டினனான். அடுத்த கிழமை வட்டுக்கோட்டையிலையும் பாடக் கேட்டிருக்கினம். ஓம் எண்டிட்டன்.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. “நல்லது அக்கா” என்றிருப்பேன். கையில் நானூற்று நாற்பதுக் கவை இருந்தது. அதைப் பைக்குள் போட்டேன், ஒளிப்பது போல.

அவர் ஏறவில்லை. பியானோ இறங்கியிருந்தது.

அந்த மண்டபத்தில் அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வந்த வேலை, அந்தப் பியானோவை அரைக்கட்டை ஏற்றிவிட்டுப் போவது.

உங்களுக்குக் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும் என்று பயம் காட்டுவார்கள். அது பத்து நிமிடப் பயம். இது வேறு. ஒன்றும் சொல்லாமல் ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் பார்த்திருக்க அந்த ஸ்வரத்தில் குரல் உடையும். ஏன் உடைந்தது என்றும் அவருக்குத் தெரியாது. நோய் திரும்பிவிட்டது என்றுதான் நினைப்பார். ஏற்றாமல் விட்டால் கிளாரினெட் பொருந்தாது, ஒரு பொய் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்னால், மாதக்கணக்காக ஏறி வந்த ஏணியை நானே உருவவேண்டும்.

“ரீ குடிச்சிட்டு வாறன்” என்று வெளியே போனேன். ரீயே தரவில்லை அவர்கள்.

தாழ்வாரத்துக்கு மாஸ்டர் பின்னாலேயே வந்தார். “என்ன தம்பி, முகம் வெளிறிப்போச்சு. பியானோவுக்குள்ளை பாம்போ?”

சொன்னேன். அவர் பௌதிக ஆசிரியர், பாதியிலேயே விளங்கிவிட்டது. தாழ்வாரத்து முகட்டால் ஒழுகுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஏத்தாதையும்.”

“உங்கடை கிளாரினெட்?”

“அது கிடக்கட்டும். என்ரை மனிசி விளக்கேத்திக் கும்பிடுவா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இரும்புச் சட்டம் வெடிச்சுப்போச்சு, ஏத்தினா ஆபத்து எண்டு சொல்லும். உந்தப் பெட்டிக்குள்ளை என்ன இருக்கெண்டு உம்மைத் தவிர ஆருக்குத் தெரியும்? இந்த ஊரிலை உம்மை ஆர் செக் பண்ணுறது?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. அவர் நல்ல மனதோடு சொன்னார். சொன்னதும் உண்மை. நான் வெடித்துவிட்டது என்றால் வெடித்துவிட்டதுதான். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். எனக்கும் வேலை மிச்சம். “ஓம் மாஸ்டர்” என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

அதைத் தடுத்தது நேர்மை என்று சொன்னால் அது எனக்கு நானே மாலை போட்டதாகிவிடும். தடுத்தது வட்டுக்கோட்டை. அடுத்த கிழமை வசந்தி அக்கா அங்கே போவார். அங்கேயுள்ள வாத்தியம் எந்த உயரத்தில் நிற்கிறதோ தெரியாது. இந்தப் பியானோ சொன்னதை நம்பி, தெரியாத சனத்துக்கு முன்னால், றஞ்சி ரீச்சரும் பக்கத்தில் இல்லாமல், அந்த வரியில் ஏறுவார். பொய்யை நான் இங்கே வைத்துவிட்டு வரலாம். ஆனால் அது இங்கே கிடக்காது, அவரோடு பஸ் ஏறிப் போகும்.

“மாஸ்டர், நான் சொல்லப்போறன்.”

“எனக்குப் பயமாயிருக்குத் தம்பி.”

“எனக்கும்தான்.”

உள்ளே போனோம். பேச்சுத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் போனேன். பிரான்ஸ் அரசாங்கம், பட்டாளத்து வாத்தியம் எல்லாம் அதில் இருந்தது. வசந்தி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. கவையை எடுத்துத் தட்டி, அதன் காலைப் பியானோவின் பலகையில் ஊன்றினேன். பலகை முழுவதும் நானூற்று நாற்பது பாடியது. அது அடங்க முன், அதே ஸ்வரத்தைப் பியானோவில் அழுத்தினேன்.

இரண்டும் ஒன்றோடொன்று உரசின. காது உள்ள எவருக்கும் கேட்கும்.

“எது சரி?” என்று வசந்தி அக்கா கேட்டார்.

“இண்டைக்கு உலகம் வைச்சிருக்கிறது கவையிலை இருக்கிறதைத்தான் அக்கா. பியானோ அரைக்கட்டை கீழை நிக்குது.”

“எவ்வளவு காலமா?”

“கன காலமா.”

றஞ்சி ரீச்சர்தான் முதலில் வெடித்தார். “உதை இப்ப, ஒளிவிழாவுக்கு முன்னம்தான் வந்து சொல்லவேணுமோ? உமக்கு மனச்சாட்சி இருக்கே?”

“அவரைப் பேசாதேங்கோ ரீச்சர்.” வசந்தி அக்கா மர வாங்கில் மெல்ல இருந்தார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. “அப்ப எனக்கு அது வரேல்லை.”

“வந்தது வந்ததுதான் அக்கா. காத்தாக் கிடந்த குரல் இவ்வளவு தூரம்...”

“பூசி மெழுகாதையும் தம்பி. நான் நாள் முழுக்க மற்றாக்களுக்கு உப்பிடித்தான் சொல்லுறனான்.”

மாஸ்டர் இருமினார். “பிள்ளை, பியானோவை உப்பிடியே விட்டிடலாம். நான் ஊதேல்லை. ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே மாஸ்டர். தெர்மாமீட்டரைக் குறைச்சு வைச்சாக் காய்ச்சல் போயிடுமே?” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏத்தும். என்னட்டை என்ன இருக்கெண்டு நான் பாக்கவேணும்.”

ஏற்றத் தொடங்கினேன். ஒரேயடியாக ஏற்றக்கூடாது. எல்லாக் கம்பியிலும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக. ஒவ்வொரு ஆணியும் திரும்பும்போது கிறீச்சிட்டது. கை வேர்த்து முறுக்குச் சாவி வழுக்கியது. மற்ற மூவரும் மண்டபத்தை விட்டுப் போகாமல் பின்னால் இருந்தார்கள். ஒப்பரேஷன் அறைக்கு வெளியே இருக்கிற மாதிரி.

கீழ்ப்பக்கத்துத் தடித்த கம்பி ஒன்று அறுந்தது. மூடிய மண்டபத்தில் அது எப்படிக் கேட்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துவக்குச் சூடுதான். நான் திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரையும் காணவில்லை. மூவரும் நிலத்தில் கிடந்தார்கள், தலையைக் கையால் மூடிக்கொண்டு. நான் மட்டும் முட்டாளைப் போல நின்றேன். சண்டைக்காலத்து அந்தப் பழக்கம் உடம்பில் ஊறாத வயது எனக்கு.

பிறகு வாங்குக்கு அடியிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது: “றஞ்சி, செத்திட்டீரோ?”

“உங்களை ஊதவிடாமல் சாகமாட்டன். எழும்புங்கோ, என்ரை சீலையிலை கிடக்கிறியள்.”

வசந்தி அக்கா நிலத்தில் இருந்தபடியே சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையாகிப் பிறகு திரும்பவும் சிரிப்பானது. நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. கவையும் பியானோவும் ஒன்றாயின. வசந்தி அக்கா வந்தார், சீருடையோடேயே. ரீச்சர் எஃப்பில் தொடங்கினார். நான் பியானோவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. ஆனால் சொன்னவன் நான், கேட்கவேண்டியவனும் நான்தான்.

கடைசி வரி. ஏறியது. அந்த மேல் எஃப்பில் குரல் இரண்டாகப் பிளந்தது. பிறகு காற்று மட்டும் வந்தது.

ரீச்சர் பியானோவிலிருந்து கையை எடுத்தார்.

“சரி” என்றார் வசந்தி அக்கா. ஏதோ காயத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிற குரல். “அங்கை இல்லை. அரைக்கட்டை இறக்கி வாசியுங்கோ ரீச்சர்.”

“ஈயிலையோ? நாலு ஷார்ப், நாலு கறுப்புக்கட்டை பிள்ளை! என்ரை விரல் என்னத்துக்காகும்?”

“என்ரை தொண்டை இவ்வளவு பட்டிட்டுது. உங்கடை விரலும் கொஞ்சம் படட்டுமே.”

மாஸ்டர்தான் உண்மையில் நொந்துபோனார். கிளாரினெட்டுக்கு ஒரு முழுக்கட்டை மேலே தள்ளித்தான் ஸ்வரம் எழுதுவார்கள். பியானோ எஃப்பில் போனால் அவருக்கு ஒரே ஒரு ஷார்ப். ஈயில் போனால் ஆறு. “ஆறு தம்பி! எனக்காக ஏத்தின பியானோ. எனக்கே ஆறு ஷார்ப்!” கடைசியில் மூன்று நீளமான ஸ்வரங்களை மட்டும் ஊதுவதென்று உடன்பாடு வந்தது. மூன்றும் போதும் என்று ரீச்சர் சொன்னார். ஒன்றே போதும் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி வரிசையில், கதவோடு இருந்தேன். ஈயில் வசந்தி அக்கா பாடி நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த வரி நெருங்கியபோது முன்வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். குரல் ஏறியது. விளிம்பில் ஒரு இழை காற்றுக் கலந்திருந்தது. ஆனால் நின்றது. ஏற்றுவதற்கு முந்திய பியானோவில் அவர் எட்டிய அதே உயரம்தான் அது. இந்தமுறை அதன் பெயர் அவருக்குத் தெரியும்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் இரண்டு நாள் கழித்து அவர் ஃபோன் எடுத்தார்.

“தம்பி, வட்டுக்கோட்டையிலை பியானோ இல்லையாம். காலாலை மிதிக்கிற ஓர்கனாம். நீர் போய் அளந்துபோட்டு எனக்குச் சொல்லும். ஒளிக்காமல்.”

போனேன். அழகான பழைய பெட்டி. உள்ளே பித்தளை நாக்குகள். கம்பியைப்போல அவற்றை முறுக்க முடியாது. சுருதி மாற்றவேண்டுமென்றால் உலோகத்தைச் சுரண்டவேண்டும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கவையைத் தட்டிக் காதில் வைத்தேன். மற்றக் கையின் விரல் ‘ஏ’க்கு மேலே நின்றது. இறங்க மாட்டேன் என்றது. உங்களுக்குச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான இடம் அந்த ஒரு விரற்கடைத் தூரம்தான்.

மிதித்து அழுத்தினேன். கீழே இல்லை. மேலே. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சுருதி, ஒருவரும் தொடாமல், அப்படியே உயரத்தில் நின்றது.

சுரண்டுகிற கத்தி பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. ஃபோனைத்தான் எடுத்தேன். மறுபக்கத்தில் வோட்டுச் சத்தம், யாரோ ஒரு நோயாளி முனகுவது.

“அக்கா... இது மேலை நிக்குது. கால் கட்டை, அரைக்கட்டையிலை பாதி. மாத்த ஏலாது. மாத்தவும் கூடாது.”

யாருக்கோ மருந்து அளந்து ஊற்றிக்கொண்டே சொல்வது போல அவருடைய பதில் வந்தது:

“அப்ப அங்கை வாசிக்கிறவரிட்டை ஈயிலை இருந்து இன்னும் அரைக்கட்டை இறக்கச் சொல்லும். தம்பி, ஏன் உம்மடை குரல் நடுங்குது? பாடப்போறது நான்.”